வீட்டில் நரம்பு ஊசி மருந்து: வாசகர் கேள்விகளுக்குச் செவிலியர் பதில்கள்

நரம்பு ஊசி மருந்தை வீட்டிலேயே தாமாக ஏற்றிக்கொள்பவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களும் எழுதிய கடிதங்களுக்கு இம்முறை பதிலளிக்கிறேன். பேச்சு வழக்கில் 'நரம்பு ஊசி' என்று சொன்னாலும், மருந்து செல்வது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரையில். வாய் வழியே விழுங்கும் மருந்து இரைப்பையின் அமிலத்தையும் குடலின் சுவரையும் கல்லீரலையும் கடந்த பிறகே இரத்தத்தில் கலக்கிறது. சிரையில் செலுத்தும் மருந்துக்கு இந்தக் காவல்கள் எதுவும் கிடையாது. அதனோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிருமி சென்றாலும் அதுவும் நேரே இரத்தத்துக்குத்தான் போகும். மருத்துவர் எழுதிக் கொடுத்து, செவிலியரிடம் நேரில் பயிற்சி பெற்றவர்களுக்காகவே இந்தப் பதில்கள். பயிற்சியில் உங்களுக்குச் சொன்னதற்கும் இங்கே நான் எழுதுவதற்கும் வேறுபாடு இருந்தால், உங்கள் மருத்துவக் குழு சொன்னதையே பின்பற்றுங்கள். குழாயின் வகையையும் மருந்தையும் பொறுத்து முறைகள் மாறும்.

கேள்வி: எலும்பில் ஏற்பட்ட தொற்றுக்காக 2 வாரம் மருத்துவமனையில் இருந்தேன். மொத்தம் 6 வாரம் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பதால், மேற்கையில் பிக் லைன் பொருத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். செவிலியர் இரண்டு முறை செய்து காட்டினார். அவர் முன்னிலையில் நானும் ஒரு முறை செய்தேன். இருந்தும் தனியாகச் செய்ய உட்காரும்போது கை நடுங்குகிறது, எதற்குப் பின் எது என்பது குழம்பிவிடுகிறது. காரணத்தோடு விளக்க முடியுமா?

பதில்: நான் பயிற்சி கொடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் வாரத்தில் கை நடுங்கியிருக்கிறது. நடுக்கத்தால் ஒருவருக்கும் தீங்கு வந்து நான் பார்த்ததில்லை. தீங்கு வந்ததெல்லாம் மூன்றாம், நான்காம் வாரங்களில், கை நன்றாகப் பழகிய பிறகு, "இன்று ஒரு நாள் பரவாயில்லை" என்று ஏதோ ஒரு படியை விட்டபோதுதான். ஆகவே இப்போது உங்களிடம் இருக்கும் இந்தப் பயத்தைக் குறையாக நினைக்காதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது மேற்கைச் சிரையில் நுழைந்து, மார்புக்குள் சென்று, இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெருஞ்சிரையில் முடியும் மெல்லிய குழாய். அங்கே இரத்த ஓட்டம் மிகுதி என்பதால், சிறு சிரைகளை எரிச்சலூட்டும் மருந்தும் உடனே நீர்த்துவிடுகிறது. இக்காரணத்தால்தான் கையில் குத்தும் சாதாரண கேனுலா சில நாள்களே தாங்க, பிக் லைன் பல வாரங்கள் தாங்குகிறது. அதே காரணத்தால்தான் அதன் வெளிமுனையில் ஒட்டும் அழுக்கு இதயத்தின் வாசலில் ஒட்டும் அழுக்குக்குச் சமம்.

மருந்து குளிர்பெட்டியில் இருந்தால், 30 முதல் 60 நிமிடம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கவே கூடாது. பையில் ஒட்டிய சீட்டில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், அளவு, காலாவதி நாள் ஆகிய நான்கையும் வாய்விட்டுப் படியுங்கள். மனத்துக்குள் படித்தால் கண் எதிர்பார்த்ததையே பார்த்துவிடும். பையை இலேசாக அழுத்திக் கசிவு இருக்கிறதா என்றும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துகளோ கலங்கலோ நிறமாற்றமோ தெரிகிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பையை ஏற்றாமல் மருந்தகத்தைக் கேளுங்கள்.

மேசையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, செல்லப் பிராணிகளை வேறு அறையில் விட்டுவிட்டு, சோப்பும் நீரும் கொண்டு குறைந்தது 20 நொடி கை கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். இனிதான் முழுச் செயலிலும் முக்கியமான கட்டம். குழாயின் முனையில் உள்ள ஊசியில்லா இணைப்பை ஸ்பிரிட் பஞ்சால் சுற்றிப் பிடித்து, திருகாணியின் புரிகளுக்குள் இருக்கும் அழுக்கை எடுப்பது போல அழுத்தித் திருகி 15 நொடி தேய்க்க வேண்டும். அதன்பின் அது தானாகக் காயும்வரை கையில் பிடித்தபடியே காத்திருங்கள். வாயால் ஊதுவதும் கையால் விசிறுவதும் துடைத்ததை வீணாக்கிவிடும். கிருமியைக் கொல்வது தேய்ப்பும் காய்வும் சேர்ந்துதான். பளபளவென்று ஈரமாக இருக்கும்போதே சிரிஞ்சைப் பொருத்தினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். காய்ந்த முனை சட்டையிலோ போர்வையிலோ தோலிலோ பட்டுவிட்டால் புதுப் பஞ்சு எடுத்து முதலிலிருந்து தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எதையாவது பொருத்தும் முன்பும் இதே தேய்ப்புதான். ஒரு வேளை மருந்துக்கு மூன்று நான்கு முறை ஆகும், ஆகட்டும்.

வரிசையை இப்படி நினைவில் வையுங்கள்: முதலில் சலைன் எனும் உப்புநீர், அடுத்து மருந்து, மீண்டும் சலைன், இறுதியில் உங்களுக்குச் சொல்லியிருந்தால் மட்டும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். முதல் சலைன் குழாய் திறந்திருக்கிறதா என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது சலைன் குழாய்க்குள் தங்கிய மருந்தை உள்ளே தள்ளுகிறது. சலைனை ஒரே மூச்சில் தள்ளாமல், 1 மில்லி தள்ளி ஒரு கணம் நிறுத்தி, மீண்டும் 1 மில்லி என்று விட்டுவிட்டுத் தள்ளுங்கள். அந்தத் துடிப்பு குழாய்க்குள் சுழலை உண்டாக்கி உட்சுவரைக் கழுவும். கடைசி அரை மில்லியைச் சிரிஞ்சிலேயே விட்டுவிட்டு, கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்போதே, குழாயை நெரித்து மூடும் கிளாம்ப்பை மூடுவது பொதுவான முறை; அழுத்தத்தை எடுத்த பிறகு மூடினால் ஒரு துளி இரத்தம் குழாய் நுனிக்குள் பின்வாங்கி உறைந்துவிடலாம். ஆனால் இணைப்பின் வகையைப் பொறுத்து, கிளாம்ப்பை எப்போது மூடுவது என்பது மாறும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெப்பாரின் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. குழாயைக் காக்கப் பயன்படும் ஹெப்பாரின் வழக்கமாக மில்லிக்கு 10 அல்லது 100 யூனிட் வலிமை உடையது. இரத்த உறைவுச் சிகிச்சைக்கான குப்பியில் மில்லிக்கு 5000 யூனிட்கூட இருக்கும். குப்பிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பெயரை மட்டும் பார்க்காமல் எண்ணையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

மற்றவை எளியவை. தோலை மூடியிருக்கும் ஒளிபுகும் ஒட்டுக்கட்டு வழக்கமாக 7 நாளுக்கு ஒரு முறையும், பஞ்சுத்துணிக் கட்டு 2 நாளுக்கு ஒரு முறையும் மாற்றப்பட வேண்டும். நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ நாள் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். குளிக்கும்போது நனையாமல் மூடிக்கொள்ளுங்கள், நீச்சல் வேண்டாம். குழாய் உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கட்டின் அருகே கத்தரிக்கோல் வரவே கூடாது.

கேள்வி: டியூபில் சிறு குமிழி தெரிந்தாலே எனக்கு மூச்சு நின்றுவிடும் போல் இருக்கிறது. காற்று இரத்தத்தில் போனால் உயிருக்கு ஆபத்து என்கிறார்களே?

பதில்: மருந்துப் பையிலிருந்து வரும் டியூபில் மணிபோல் மின்னிக்கொண்டு நகரும் ஒன்றிரண்டு சிறு குமிழிகள் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை, அவை நுரையீரலை அடைந்து அங்கே கரைந்துவிடும். இதயத்தின் அறைகளுக்கு இடையே துளை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் சிறு குமிழியும் பொருட்படுத்த வேண்டியதே. அத்தகையோர் தம் நிலையைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அஞ்ச வேண்டியது குமிழிகளுக்கு அல்ல, டியூபின் நெடுநீளம் காலியாக இருப்பதற்கும், முனை மூடியில்லாமல் திறந்து கிடப்பதற்கும். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. திறந்த முனை இருந்தால் அந்த இழுப்பு வெளிக்காற்றையும் உள்ளே வாங்கிவிடும். எனவே டியூபைக் கையிலுள்ள குழாயில் இணைக்கும் முன் மருந்தை அதன் நுனிவரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். சிரிஞ்சை நுனி மேலாகப் பிடித்து, விரலால் சுண்டி, மேலே சேர்ந்த காற்றைத் தள்ளிவிடுங்கள். இணைப்பை மாற்றும்போதெல்லாம் கிளாம்ப் மூடியிருக்கட்டும்.

முனை கழன்றோ குழாய் கிழிந்தோ போய், திடீரென்று மூச்சுத் திணறலோ மார்பு வலியோ தலைச்சுற்றலோ வந்தால், கிழிசலுக்கும் உடலுக்கும் நடுவே குழாயை மடித்துக் கிளாம்ப் போடுங்கள். தலை தாழ்வாக இருக்கும்படி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: சலைன் தள்ளும்போது ஒருநாள் கனமாக இருந்தது. 10 மில்லி சிரிஞ்சுக்குப் பதிலாக 2 மில்லி சிரிஞ்சால் தள்ளினேன், போய்விட்டது. இனி அப்படியே செய்யலாமா?

பதில்: கூடாது, தயவுசெய்து இனி ஒருபோதும் செய்யாதீர்கள். சிறிய சிரிஞ்சால் தள்ளுவது எளிதாக இருப்பதற்குக் காரணமே, ஒரே கட்டைவிரல் விசை குறுகிய பரப்பில் விழுந்து பல மடங்கு அழுத்தமாக மாறுவதுதான். அந்த அழுத்தம் குழாயைக் கிழிக்கவோ, நுனியில் இருந்த உறைவை இரத்தத்துக்குள் தள்ளவோ வல்லது. இம்முறை ஒன்றும் ஆகவில்லை என்பது நல்வாய்ப்பு. தள்ள முடியாதபோது, கிளாம்ப் மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கையை உயர்த்தியும் தோளை அசைத்தும் உட்கார்ந்த நிலையை மாற்றியும் பாருங்கள். பிறகும் கனமாக இருந்தால் நிறுத்திவிட்டுக் குழுவை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து அவர்களிடம் உண்டு. அன்றைய ஒரு வேளை தாமதமாவதில் பெரிய கேடில்லை. ஆனால் தவறிய வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாக ஏற்றாதீர்கள், அதையும் கேட்டே செய்யுங்கள். நடந்ததை உங்கள் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லி, குழாயை ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேலைக்கு நேரமாகிவிடுவதால், டியூபில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திறந்து கொஞ்சம் வேகமாக விட்டால் என்ன?

பதில்: மருந்து ஏறும் வேகமும் மருந்தின் அளவைப் போலவே மருத்துவர் எழுதித் தந்த ஒன்றுதான். வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஏறக் கூடாது. அதாவது 1 கிராம் ஏற 100 நிமிடம். வேகமாக ஏறினால் முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து அரிக்கும், இரத்த அழுத்தமும் சரியக்கூடும். வேறு சில மருந்துகள் சில நிமிடங்களிலேயே ஏற்றத் தக்கவை. ஆகவே பிறர் வீட்டில் பார்த்த வேகத்தை நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

துளிகளை எண்ணும் முறையைத் தெரிந்துகொண்டால் ஐயமே இராது. பெரும்பாலான டியூப் செட்டுகளில் 20 துளி 1 மில்லி. எத்தனை துளி என்பது உறையிலேயே அச்சிட்டிருக்கும். 100 மில்லியை 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால், 2000 துளியை 60-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 33 துளி. கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 நொடிக்கு 8 துளி விழுகிறதா என்று எண்ணி உருளையைச் சரிசெய்யுங்கள். கையை மடக்கினாலும் எழுந்து நின்றாலும் வேகம் மாறும் என்பதால், இடையில் ஓரிரு முறை மீண்டும் எண்ண வேண்டும்.

நேரம்தான் சிக்கல் என்றால், பலூன் பம்ப் கிடைக்குமா என்று உங்கள் குழுவிடம் கேளுங்கள். மருந்து நிரப்பிய மீள்பலூன் ஒன்று தானே சுருங்கி, குறித்த வேகத்தில் மருந்தைத் தள்ளும். மின்சாரம் வேண்டாம், தொங்கவிடக் கம்பி வேண்டாம், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். குளிர்ந்தபடி இணைத்தால் மெதுவாகவும், வெப்பத்தில் இருந்தால் வேகமாகவும் ஓடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எல்லா மருந்தையும் அதில் நிரப்ப முடியாது.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய். இதுவரை ஃபாக்டர் எட்டு என்ற உறைதல் காரணியை நானே போட்டு வந்தேன். இப்போது தானே போட்டுக்கொள்வதாக அடம்பிடிக்கிறான். விடலாமா?

பதில்: உங்கள் மகனின் அடம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. உறைதல் காரணிகளைத் தூளாகக் குப்பியில் வைத்துக்கொள்ள முடிந்த பிறகு, 1970-களிலேயே ஹீமோபிலியா குடும்பங்கள் வீட்டில் ஊசி போடத் தொடங்கிவிட்டன. மூட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்கிய சில நிமிடங்களில் காரணியை ஏற்றுவதற்கும், மருத்துவமனை வரிசையில் நின்று மணிக்கணக்கில் கழித்து ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு, பிற்காலத்தில் அந்த முழங்கால் மடங்குமா மடங்காதா என்பதில் தெரியும். உங்கள் மகனின் வயதில் பல பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒப்படைக்காதீர்கள். முதலில் மருந்தைக் கலக்கட்டும். குப்பிகள் அறை வெப்பத்துக்கு வந்த பின் நீரைத் தூளில் சேர்த்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. அது புரதம், குலுக்கினால் நுரைத்து வீணாகிவிடும். உறையில் தந்த வடிகட்டியைக் கட்டாயம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அடுத்து, குப்பியின் ஒட்டுச்சீட்டைப் பிரித்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நாள், நேரம், காரணம், யூனிட் எழுதும் பொறுப்பு. மருந்துத் தொகுதியில் குறை இருப்பதாகப் பின்னர் அறிவித்தால், அந்த எண்ணை வைத்துத்தான் தேட முடியும். இவை பழகிய பின்பே பட்டாம்பூச்சி ஊசி.

ஊசி ஏறும் கணத்தில் அவன் பார்க்க வேண்டியது ஊசியின் பின்னுள்ள மெல்லிய டியூபை. சிரைக்குள் சென்றுவிட்டால் கருஞ்சிவப்பு இரத்தம் அதில் தானாக வந்து நிற்கும். அது வந்ததும் கையைக் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டே மருந்தைத் தள்ள வேண்டும். அவிழ்க்க மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தள்ளும்போது அந்த இடம் உப்பினாலோ எரிந்தாலோ ஊசி சிரைக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி ஊசியை எடுத்து அழுத்திப் பிடிக்கட்டும். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் அன்று நீங்கள் போடுங்கள். அதை அவன் தோல்வியாக நினைக்காதபடி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை எடுத்த பின் முழங்கையை மடக்காமல், கையை நீட்டியபடி சில நிமிடம் அழுத்த வேண்டும்.

பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லாதபோது தனியாகப் போடக் கூடாது என்ற விதி மட்டும் தளரவே வேண்டாம். தலையில் அடிபட்டால், காரணியைப் போட்டுவிட்டு, நன்றாக இருக்கிறான் என்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வழக்கமான அளவு போட்டும் கசிவு அடங்கவில்லை என்றால், உடல் அந்தக் காரணியை எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை.

கேள்வி: எப்போது பயப்பட வேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம்? சிறு விஷயத்துக்கெல்லாம் போன் செய்தால் தொந்தரவாக இருக்குமே.

பதில்: பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவருக்கு, சலைன் தள்ளிய முக்கால் மணி நேரத்தில் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்திருக்கிறது. குளிர்பெட்டி மருந்தின் குளிர்ச்சி என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவர் மனைவி எனக்குச் சொன்னபோது காய்ச்சல் ஏறியிருந்தது. குழாய்க்குள் குடியேறிய கிருமிகளை ஒவ்வொரு முறையும் அவரே இரத்தத்துக்குள் கழுவி விட்டிருந்தார். குழாயை எடுத்து, மீண்டும் மருத்துவமனையில் சேர்த்து, தேறினார். "உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்" என்று அவர் சொன்னது இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் வாக்கியத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது.

ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும்போது தொற்று வராது என்று நினைக்காதீர்கள். அந்த மருந்துக்கு அடங்காத கிருமியும் உண்டு. 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், ஏற்றிய பின் வரும் குளிர் நடுக்கம், குழாய் நுழையும் இடத்தில் சிவப்பு, வலி, சீழ், அந்தக் கையிலோ தோளிலோ கழுத்திலோ வீக்கம், குழாயின் வெளிநீளம் கூடியிருத்தல் இவற்றில் எது இருந்தாலும் அன்றே, அந்த மணியிலேயே அழையுங்கள். கடும் வயிற்றுப்போக்கு, புதிதாக வந்த தடிப்பு, காது இரைச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். வாரந்தோறும் எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை சிறுநீரகமும் கல்லீரலும் இரத்த அணுக்களும் மருந்தைத் தாங்குகின்றனவா என்று பார்ப்பதற்கே என்பதால், அதைத் தவறவிடாதீர்கள்.

மருந்து ஏறும்போது உதடோ நாக்கோ வீங்கினால், தொண்டை அடைத்தால், மூச்சு இரைத்தால், உடலெங்கும் தடித்தால் யோசிக்க நேரமில்லை. கிளாம்ப்பை மூடி மருந்தை நிறுத்துங்கள், அட்ரினலின் பேனா தந்திருந்தால் தொடையில் போடுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். குழாயை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். வந்தவர்களுக்கு அது தேவைப்படும். எந்தப் புதிய மருந்துக்கும் முதல் வேளையை மருத்துவக் கண்காணிப்பில் ஏற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

கேள்வி: களைப்பு நீங்க வைட்டமின் ட்ரிப்ஸ் பாக்கெட்டை வாங்கி நானே ஏற்றிக்கொள்ள ஆசை. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பதில்: வேண்டாம். விழுங்கவும் உண்ணவும் முடிகிற உடலுக்குச் சிரை வழியே வைட்டமின் தேவையில்லை. மேலே நான் எழுதிய ஆபத்துகளை மற்றவர்கள் ஏற்பது, அவர்களுக்கு வேறு வழியில்லாததால். களைப்புக்கு இரத்தச்சோகையும் தைராய்டும் நீரிழிவும் தூக்கமின்மையும் காரணமாக இருக்கலாம். அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடலாமா?

பதில்: துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில், மூடியைத் திரும்பப் பொருத்தாமல், பயன்படுத்திய உடனே போடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஒப்படையுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவருக்கும் விரல்கள் இருக்கின்றன.

கேள்வி: 6 வாரம் முடிந்தது. ஒட்டுக்கட்டைப் பிரித்துக் குழாயை நானே இழுத்துவிடலாமா? வலிக்காது என்கிறார்கள்.

பதில்: வலிப்பதில்லை என்பது உண்மைதான், எனினும் செவிலியரே எடுக்கட்டும். உங்களைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மெல்ல இழுத்து, அந்தத் துளையைக் காற்றுப் புகாதபடி கட்டுவார். குழாய் தடைபட்டு நின்றால் இழுக்காமல் நிறுத்தத் தெரிந்தவர் அவர். எடுத்த குழாயின் நீளத்தை, பொருத்திய நாளில் எழுதிய நீளத்தோடு ஒப்பிட்டு, நுனி முழுமையாக வந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். நீங்களும் பக்கத்திலிருந்து பாருங்கள். அதன்பின் அரை மணி நேரம் படுத்திருங்கள், அந்தக் கட்டு ஒரு நாள் முழுவதும் இருக்கட்டும்.